பெட்டியா, கணினியா? வீடியோ விளையாட்டுச் சந்தையின் 40 ஆண்டுப் போட்டி

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மின்னியல் பொருள்கள் விற்கும் கடைகளில் வழக்கமாக ஒரு வாக்குவாதம் நடக்கும். மகன் பிளேஸ்டேஷன் வேண்டும் என்பான். பாடத்துக்கும் உதவும், கணினியே வாங்கலாம் என்பார் அப்பா. நண்பர்கள் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது என்று மகன் மறுபடியும் தொடங்குவான். விலைச் சீட்டைப் பார்த்த அம்மாவோ, விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை வெள்ளி என்று வாயடைத்து நிற்பார்.

ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் இந்த வாக்குவாதத்துக்குப் பின்னால், 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய நிறுவனங்களிடையே நடந்துவரும் கடும் போட்டி இருக்கிறது. நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் தனித்தனி விளையாட்டுச் சாதனங்களை விற்கின்றன. இவற்றைக் கன்சோல் என்கிறார்கள். இந்த மூன்றுக்கும் போட்டியாக, யாருக்கும் சொந்தமில்லாத சாதனமாகக் கணினி நிற்கிறது. இவற்றில் எது சிறந்தது என்பது பிள்ளைகளின் கேள்வி. இந்தப் போட்டியால் வாங்குபவருக்கு என்ன கிடைத்தது, போட்டி தணிந்தால் அவர் எதை இழப்பார் என்பது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்டியின் விலை ஏன் குறைவு?

ஒரு கன்சோல் செய்யும் வேலையை அதே தரத்தில் செய்யும் கணினியை வாங்கினால் பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். இதற்குக் காரணம் கன்சோல் வியாபாரத்தின் கணக்கு. சவரக் கத்தியின் பிடியை மலிவாக விற்று, பிளேடுகளில் பணம் பார்க்கும் வியாபாரத்தைப் போன்றது அது. நிறுவனம் பெட்டியைச் சிறிய லாபத்துக்கோ சில வேளைகளில் நட்டத்துக்கோ விற்கிறது. பிறகு அந்தப் பெட்டிக்காக விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கன்சோல்களின் இணையக் கடைகளில் இந்தப் பங்கு வழக்கமாக 30 விழுக்காடு. அதற்குமேல் இணையவழி நண்பர்களுடன் விளையாட மாதச் சந்தா உண்டு.

கணினியில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் பாகங்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒவ்வொன்றும் தன் பாகத்தை லாபத்துக்கே விற்கிறது. அதனால் முதலில் கொடுக்கும் பணம் அதிகம். ஆனால் இணையத்தில் சேர்ந்து விளையாடத் தனிச் சந்தா பொதுவாக இல்லை. விளையாட்டுகளையும் பல கடைகள் விற்பதால் தள்ளுபடி அடிக்கடி கிடைக்கிறது. பாகத்தை மாற்றி மேம்படுத்தலாம். பாடம், அலுவலகம், வரைகலை என வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தலாம். ஆக, ஒன்றில் செலவு முன்னால் நிற்கிறது, மற்றதில் பின்னால் வருகிறது.

குப்பையில் புதைந்த விளையாட்டுகள்

1977ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட கன்சோல் பெரும் வெற்றி பெற்றது. அதற்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டு தயாரிக்க முடிந்தது. அட்டாரியில் இருந்து விலகிய சிலர் 1979ல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து, விளையாட்டுத் துறைக்குத் தொடர்பே இல்லாத நிறுவனங்களும் களத்தில் குதித்தன. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். 1983ல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அட்டாரி நிறுவனம் விற்காத விளையாட்டுகளை லாரிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ நகரக் குப்பை மேட்டில் புதைத்தது. 2014ல் அந்த இடத்தைத் தோண்டியபோது அவை வெளியே வந்தன.

இந்தச் சரிவில் இருந்து பாடம் கற்றது ஜப்பானின் நிண்டெண்டோ. 1889ல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 1985ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதன் கன்சோலுக்குள் பூட்டு போன்ற ஒரு சில்லு இருந்தது. நிண்டெண்டோவின் அனுமதி பெற்ற விளையாட்டு மட்டுமே அதில் ஓடும். அனுமதி பெற்ற நிறுவனமும் ஆண்டுக்கு 5 விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக்கூடாது, அதே விளையாட்டை இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சந்தை மீண்டு எழுந்தது. 60 மில்லியனுக்கு மேற்பட்ட பெட்டிகள் விற்றன.

தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் சாவி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. எந்த விளையாட்டு வரலாம், எத்தனை வரலாம், என்ன விலைக்கு வரலாம் என்பதை அதுவே முடிவு செய்தது. பூட்டிய பெட்டி என்ற இந்த ஏற்பாடுதான் இன்றுவரை எல்லாக் கன்சோல்களுக்கும் அடிப்படை.

ரத்தமா, வியர்வையா?

நிண்டெண்டோவை முதலில் எதிர்த்து நின்றது ஜப்பானின் சேகா நிறுவனம். அமெரிக்காவில் 1989ல் கன்சோலை வெளியிட்டு, 1991ல் சோனிக் என்ற நீலநிற முள்ளெலியை மாரியோவுக்குப் போட்டியாக நிறுத்தியது. நிண்டெண்டோ சிறு பிள்ளைகளுக்கு, சேகா பதின்ம வயதினருக்கு என்று விளம்பரங்கள் நேரடியாகவே மோதின.

மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டு இரண்டு பெட்டிகளுக்கும் வந்தது. நிண்டெண்டோ ரத்தத்தை வியர்வையாக மாற்றச் செய்தது. சேகாவில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் தெறித்தது. விற்பனையில் முந்தியது சேகாதான். 1993 டிசம்பரில் இந்த விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று. அதன் விளைவாக 1994ல் அங்கே விளையாட்டுகளுக்கு வயதுத் தரப்பிரிவு முறை வந்தது. சிங்கப்பூரில் 2008 ஏப்ரலில் வீடியோ விளையாட்டுகளுக்கான தரப்பிரிவு நடப்புக்கு வந்தபோது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாத விளையாட்டுகள் எம்18 பிரிவில் சேர்க்கப்பட்டன. போட்டி சில வேளைகளில் நிறுவனங்களை எல்லை மீற வைக்கும் என்பதற்கும், அதற்குக் கடிவாளம் தேவை என்பதற்கும் இது பழைய உதாரணம்.

கைவிடப்பட்ட கூட்டாளி

சோனி இந்தத் துறைக்குள் நுழைந்த கதை சுவாரசியமானது. நிண்டெண்டோவின் கன்சோலில் குறுவட்டு ஓடும் வசதியைச் சேர்க்க இரு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்தன. 1991ல் அமெரிக்காவில் நடந்த மின்னியல் கண்காட்சியில் சோனி அந்தத் திட்டத்தை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, தன் கூட்டாளி நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் என்று அறிவித்தது. உலகத்தின் முன்னால் சோனிக்கு ஏற்பட்ட அவமானம் அது. கென் குத்தாராகி என்ற பொறியாளர் விடவில்லை. சோனியே சொந்தமாக ஒரு கன்சோல் செய்ய வேண்டும் என்று மேலிடத்தை இணங்க வைத்தார். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

விலையிலும் சோனி அடித்தது. 1995ல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் சேகா தன் புதிய கன்சோலின் விலை 399 டாலர் என்று அறிவித்திருந்தது. அடுத்து மேடையேறிய சோனி நிர்வாகி, 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது.

நிண்டெண்டோ 1996ல் வெளியிட்ட அடுத்த கன்சோலும் பழைய முறைப்படி பிளாஸ்டிக் பேழைகளையே பயன்படுத்தியது. பேழை தயாரிக்கச் செலவு அதிகம், அதில் அடங்கும் தகவலும் குறைவு. குறுவட்டு மலிவு, கொள்ளளவோ பல மடங்கு. அதனால் நிண்டெண்டோவுக்காகவே விளையாட்டு தயாரித்து வந்த நிறுவனங்கள் சோனி பக்கம் சாய்ந்தன. ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற புகழ்பெற்ற விளையாட்டு 1997ல் பிளேஸ்டேஷனில் வெளிவந்தது அந்த மாற்றத்துக்கு அடையாளம். முதல் பிளேஸ்டேஷன் 100 மில்லியனைத் தாண்டி விற்றது. சேகா 2001ல் கன்சோல் தயாரிப்பையே கைவிட்டு, பழைய எதிரியான நிண்டெண்டோவின் பெட்டிக்குச் சோனிக் விளையாட்டைத் தயாரித்துக் கொடுத்தது.

கணினியின் தனி வழி

இவர்கள் மோதிக்கொண்டிருந்த நேரத்தில் கணினி வேறு பாதையில் வளர்ந்தது. தொடக்கக் காலத்தில் அது விளையாட்டுக்கு ஏற்ற சாதனமாக இருக்கவில்லை. பீப் என்ற ஓசையைத் தவிர அதனிடம் வேறு ஒலி இல்லை. அந்தக் குறையைத் தீர்த்ததில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அது உலகம் முழுவதும் கணினி விளையாட்டுகளுக்கான ஒலித் தரமாகவே ஆனது. கிரியேட்டிவ் 1992ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த முதல் சிங்கப்பூர் நிறுவனம். சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானபோது, பெட்டி பெட்டியாகக் கணினி பாகங்களை வாங்கி வீட்டிலேயே பொருத்திய ஒரு தலைமுறை அவரை நினைவுகூர்ந்தது.

1993ல் டூம் என்ற விளையாட்டு கணினியின் வேகத்தை உலகுக்குக் காட்டியது. 1996ல் முப்பரிமாணப் படங்களுக்கான தனி வரைகலை அட்டைகள் வந்தன. ஆனால் கணினியின் உண்மையான பலம் அதன் திறந்த கதவு. விளையாடுபவரே விளையாட்டைத் திருத்தலாம், புதிதாகவும் உருவாக்கலாம். 1998ல் வந்த ஹாஃப் லைஃப் விளையாட்டைத் திருத்தி, 1999ல் இரண்டு இளைஞர்கள் உருவாக்கியதுதான் கவுண்டர் ஸ்ட்ரைக். வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்கு ரசிகர்கள் தயாரித்த ஒரு வரைபடம் டோட்டா ஆனது. பூட்டிய பெட்டிக்குள் இவை பிறந்திருக்க முடியாது.

2000ஆம் ஆண்டுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி முடிந்து சீருடையோடு மாணவர்கள் நுழைந்த லேன் கடைகள் இந்த இரண்டு விளையாட்டுகளால் நிரம்பின. ஒரு மணி நேரத்துக்குச் சில வெள்ளி கொடுத்தால் பத்துப் பேர் சேர்ந்து விளையாடலாம். வீட்டில் விலை உயர்ந்த சாதனம் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அது ஒரு வாய்ப்பு. அதே கடைகளில்தான் பிள்ளை நேரம் போவது தெரியாமல் இருக்கிறான் என்ற பெற்றோரின் கவலையும் தொடங்கியது. டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டி 2022 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்தபோது, அந்த லேன் கடைத் தலைமுறை உள்ளரங்கில் இருக்கைகளை நிரப்பியது.

அரசாங்கங்களின் முடிவுகளும் கணினிக்குக் கை கொடுத்தன. தென்கொரியாவில் ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு அங்கே கணினி விளையாட்டுக் கடைகள் பெருகின. அதிவேக இணையமும் 1998ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டும் சேர்ந்து, விளையாட்டைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் போட்டியாக மாற்றின. சீனா 2000ல் கன்சோல் விற்பனைக்குத் தடை விதித்தது. 2014ல் ஷாங்ஹாயில் தளர்த்தப்பட்டு, 2015ல் நாடு முழுவதும் அந்தத் தடை நீங்கியது. அந்த 15 ஆண்டுகளில் சீன இளையர்கள் கணினியிலும் கைபேசியிலும் விளையாடிப் பழகிவிட்டார்கள். இன்று உலக அளவில் விளையாட்டுத் துறையின் வருவாயில் கைபேசி விளையாட்டுகளே முதலிடத்தில் இருக்கின்றன.

வரவேற்பறைக்கு நடந்த சண்டை

2000ல் வந்த பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுச் சாதனமாக மட்டும் வரவில்லை. அதில் டிவிடி படமும் பார்க்கலாம். டிவிடி இயக்கிகள் விலை உயர்ந்திருந்த காலம் அது. ஒரே செலவில் இரண்டு பயன் என்று அப்பாக்களையும் இணங்க வைத்தது. 150 மில்லியனைத் தாண்டி விற்று, கன்சோல் வரலாற்றில் முதலிடம் பிடித்தது.

கணினி மென்பொருளில் கோலோச்சிய மைக்ரோசாஃப்ட் இதைக் கவலையுடன் பார்த்தது. வீட்டின் வரவேற்பறை சோனியின் கைக்குப் போய்விட்டால் எதிர்காலத்தில் கணினியின் தேவையே குறையும் என்று அஞ்சியது. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் வெளியானது. அதன் உள்ளே இருந்தவை கணினிப் பாகங்களே. அதற்காக மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய ஒரு நிறுவனத்தின் படைப்பு ஹேலோ. அந்த விளையாட்டு 1999ல் முதலில் அறிமுகமானது ஆப்பிள் நிறுவனத்தின் மேடையில், ஸ்டீவ் ஜாப்ஸ் கையால் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த சுற்று 2006ல். பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என இரண்டு விலைகளில் வந்தது. தயாரிப்புச் செலவு அதைவிடவும் அதிகம். விலைக்கு ஏற்ற சக்தி இருந்ததால், அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடம் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களை இணைத்து ஒரு மீக்கணினியையே அமைத்தது. ஆனால் பொதுமக்கள் தயங்கினார்கள். மைக்ரோசாஃப்ட் முந்திக்கொண்டு 2005லேயே எக்ஸ்பாக்ஸ் 360ஐ விற்கத் தொடங்கியிருந்தது. அவசரத்தின் விலையை அதுவும் கொடுத்தது. பெட்டிகள் பழுதாகி சிவப்பு விளக்கு எரிய, 2007ல் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து ஒரு பில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இருவரும் சக்தியில் மோதிக்கொண்டிருக்க, நிண்டெண்டோ 249 டாலருக்கு வீ என்ற எளிய பெட்டியை வெளியிட்டது. கையை வீசினால் திரையில் மட்டை வீசும். பாட்டியும் பேரனும் சேர்ந்து பந்துருட்டினார்கள். 100 மில்லியனுக்கு மேல் விற்று, அந்தச் சுற்றில் முதலிடம் பெற்றது வீதான். வேகமான சாதனம்தான் வெல்லும் என்ற எண்ணம் அங்கே தவறிப்போனது.

வாங்குபவர் வென்ற ஆண்டு

போட்டி யாருக்கு நன்மை என்பதை 2013ல் நடந்த ஒரு சம்பவம் தெளிவாகக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை 499 டாலருக்கு அறிவித்தது. அது நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். விளையாடி முடித்த வட்டை விற்பதற்கும் நண்பருக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதாவது காசு கொடுத்து வாங்கியவருக்கு முழு உரிமை இல்லை.

அந்த விலை அறிவிக்கப்பட்ட அதே நாளில் சோனி தன் பிளேஸ்டேஷன் 4ன் விலை 399 டாலர் என்று அறிவித்தது. நண்பருக்கு விளையாட்டைக் கொடுப்பது எப்படி என்று ஒரு சிறு படத்தையும் வெளியிட்டது. ஒருவர் வட்டை நீட்ட, மற்றவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். உலகமே சிரித்தது. 2013 ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற்றது.

இங்கே எந்தச் சட்டமும் தலையிடவில்லை. வாங்குபவர் போய்ச் சேர இன்னொரு கடை எதிரே இருந்தது. அதுவே அவருடைய பலம்.

சுவர்கள் இடிகின்றன

கணினி விளையாட்டு செத்துவிட்டது என்று 2000ஆம் ஆண்டுகளில் பலர் எழுதினார்கள். போலி வட்டுகள் பெருகியதால் விற்பனை பாதிக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது வால்வ் நிறுவனம் 2003ல் தொடங்கிய ஸ்டீம் இணையக் கடை. தொடக்கத்தில் ரசிகர்கள் அதை வெறுத்தார்கள். இணையம் மெதுவாக இருந்த காலத்தில் பதிவிறக்கம் பெரும் தொல்லை. ஆனால் அடிக்கடி கிடைத்த தள்ளுபடியும், வாங்கியதை எந்தக் கணினியிலும் இறக்கிக்கொள்ளும் வசதியும் அவர்களை மாற்றின. போலி வட்டு வாங்குவதைவிடச் சுலபமான வழி கிடைத்ததும் பலர் காசு கொடுக்கத் தயங்கவில்லை.

2013ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் கணினியில் இருப்பதைப் போன்ற சில்லுகளையே பயன்படுத்தின. அதனால் ஒரு சாதனத்துக்காகச் செய்த விளையாட்டை மற்றதற்கு மாற்றுவது எளிதானது. விளையாட்டு தயாரிக்கும் செலவோ பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஒரே பெட்டியில் விற்றால் போட்ட முதல் திரும்பாது என்ற நிலை உருவானது. சோனி தன் பெருமைக்குரிய விளையாட்டுகளை 2020 முதல் கணினிக்கும் தரத் தொடங்கியது. வால்வ் 2022ல் கையில் எடுத்துச் செல்லும் ஸ்டீம் டெக் சாதனத்தை வெளியிட்டது.

மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை ஏறத்தாழ 69 பில்லியன் டாலருக்கு வாங்கும் உடன்பாட்டை 2022ல் அறிவித்து, 2023 அக்டோபரில் முடித்தது. 2024ல் தன் விளையாட்டுகள் சிலவற்றை எதிரிகளின் பெட்டிகளுக்குக் கொடுத்தது. எக்ஸ்பாக்ஸின் அடையாளமாகவே இருந்த ஹேலோ பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது பழைய ரசிகர்கள் திகைத்துப் போனார்கள். நிண்டெண்டோ மட்டும் தன் மாரியோவைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறது. 2017ல் வந்த அதன் சுவிட்ச் 150 மில்லியனைத் தாண்டி விற்றது. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 நான்கே நாள்களில் 3.5 மில்லியன் விற்றது.

விலை ஏன் ஏறுகிறது?

முன்பெல்லாம் கொஞ்சம் பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பது பெற்றோர் கடைப்பிடித்த விதி. 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002ல் 199 டாலராகவும், 2009ல் 99 டாலராகவும் இறங்கியது. அந்த விதி இப்போது பொருந்தவில்லை. 2020ல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், அமெரிக்காவில் 549 டாலருக்கு உயர்ந்தது. எக்ஸ்பாக்ஸின் விலையும் அதே ஆண்டில் இருமுறை ஏறியது.

சில்லுகளின் தயாரிப்புச் செலவு முன்போல் வேகமாகக் குறைவதில்லை. இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. கணினி வாங்குவோரும் தப்பவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் மின்னிலக்க நாணயம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை எகிறியது.

விலையைவிட முக்கியமானது உரிமை. வட்டு வாங்கினால் அது வீட்டு அலமாரியில் இருக்கும். இணையக் கடையில் வாங்குவது, சட்டப்படி பார்த்தால், பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே. நிண்டெண்டோ 2023 மார்ச்சில் தன் இரண்டு பழைய சாதனங்களின் இணையக் கடைகளை மூடியது. தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சேவைக் கணினிகள் 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. வாங்குபவருக்குக் கிடைப்பது அனுமதிதான் என்பதைக் கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. அது 2025ல் நடப்புக்கு வந்தது. 2013ல் மைக்ரோசாஃப்டை எதிர்த்து மக்கள் காப்பாற்றிக்கொண்ட உரிமை, வட்டு இயக்கி இல்லாத பெட்டிகளின் வழியாக ஓசையின்றிக் கைநழுவி வருகிறது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கடையில் நிற்கும் பெற்றோர் சில அம்சங்களை எண்ணிப் பார்த்தால் பிறகு வருந்த நேராது.

முதலாவது, பிள்ளை விளையாட விரும்புவது எந்த விளையாட்டு, யாருடன்? இதைக் கேட்ட பிறகே பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். மாரியோ வேண்டும் என்றால் நிண்டெண்டோவைத் தவிர வேறு வழியில்லை. பல புகழ்பெற்ற இணைய விளையாட்டுகளோ இலவசம். வீட்டில் இருக்கும் சாதாரணக் கணினியே அவற்றில் சிலவற்றுக்குப் போதும்.

இரண்டாவது, ஐந்து ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியின் விலையோடு ஆண்டுச் சந்தா, ஆண்டுக்கு மூன்று நான்கு விளையாட்டுகள், இரண்டாவது கைப்பிடி ஆகியவற்றையும் சேர்த்தால் மலிவாகத் தெரிந்த கன்சோல் கணினியின் விலையை எட்டலாம். விளையாடுவதற்கு மட்டும்தான், கையில் இருக்கும் பணமும் குறைவு என்றால் கன்சோலே சிக்கனம். பாடத்துக்கும் கணினி வாங்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு செலவை ஒன்றாக்குவது நல்லது.

மூன்றாவது, வட்டு இயக்கி உள்ளதா என்று கேட்க வேண்டும். இயக்கி இல்லாத பெட்டி சற்று மலிவு. ஆனால் பழைய வட்டை மலிவாக வாங்கவோ, முடித்ததை விற்கவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளவோ முடியாது. உடன்பிறப்புகள் இருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு பெரிது.

நான்காவது, வயதுத் தரப்பிரிவைப் பார்க்க வேண்டும். எல்லாக் கன்சோல்களிலும் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி உண்டு. விளையாடும் நேரம், செலவு, அந்நியரோடு பேசுவது ஆகியவற்றுக்கு வரம்பு வைக்கலாம். பெட்டியைப் பிரித்த முதல் நாளிலேயே அதைச் செய்துவிட்டால் பிறகு சண்டை குறையும். கடன் அட்டை எண்ணைச் சாதனத்தில் பதிந்து வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சேகாவிடம் நிண்டெண்டோ பாடம் கற்றது. நிண்டெண்டோவிடம் சோனி கற்றது. சோனியிடம் மைக்ரோசாஃப்ட் கற்றது. ஒவ்வொரு முறையும் விலை இறங்கியதற்கும் தரம் உயர்ந்ததற்கும் காரணம், அடுத்த கடைக்குப் போக வாங்குபவருக்கு வாய்ப்பு இருந்ததுதான். மூன்று பெட்டிகளில் ஒன்று போட்டியை விட்டு மெல்ல ஒதுங்கும் இந்தக் காலத்தில், யாருடைய பூட்டும் இல்லாத கணினி என்ற மாற்று வழி இருப்பது கன்சோல் வாங்குவோருக்கும் பாதுகாப்பு. அடுத்த விடுமுறையில் கடைக்குப் போகும் குடும்பம், எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன், வாங்கும் பொருளில் எது தங்களுக்குச் சொந்தம், எது வாடகை என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.